ஜூன் 19: கறுப்பின அமெரிக்கரின் விடுதலைத் திருநாள்

ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று அமெரிக்காவின் கறுப்பின மக்கள் கொண்டாடும் விடுதலைத் திருநாளுக்கு ஜூன்டீன்த் என்று பெயர். மாதத்தின் பெயரும் தேதியின் பெயரும் பேச்சில் ஒட்டிக்கொண்டு உருவான சொல் இது. 1865இல் இந்த நாளில்தான் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுக நகரில், அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்று அமெரிக்க ஒன்றிய அரசின் படை அறிவித்தது. மறு ஆண்டே தொடங்கிய கொண்டாட்டம், நூறு ஆண்டுகளுக்கு மேல் அரசு விடுமுறை எதுவும் இன்றி நடந்துவந்தது. 1980இல் அது டெக்சஸின் மாநில விடுமுறை ஆயிற்று. 2021இல் நாட்டின் விடுமுறை ஆயிற்று. இந்த நாளின் வரலாறு பெரும்பாலும் இரண்டு தேவைகளைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. ஒன்று, கூடுவதற்கு ஓர் இடம். மற்றொன்று, கூடுவதற்காக வேலையிலிருந்து ஒரு நாள் ஓய்வு. இரண்டுமே கேட்காமல் கிடைக்கவில்லை.

பிரகடனமும் டெக்சஸும்

உள்நாட்டுப் போரின் நடுவே அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1862 செப்டம்பர் 22இல் விடுத்த முன்னறிவிப்பின்படி, 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வந்தது. ஒன்றியத்திலிருந்து பிரிந்து போரிட்ட தென்மாநிலங்களின் அடிமைகளை அது விடுவித்தது. ஒன்றியத்தின் பக்கமே நின்ற கென்டக்கி, டெலவேர், மேரிலாந்து, மிசூரி ஆகிய அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. பிரிந்துபோன மாநிலங்களிலும், ஒன்றியப் படை கால்வைத்த இடங்களில்தான் அதற்கு உயிர் இருந்தது. படை முன்னேற முன்னேற விடுதலையும் முன்னேறியது. படை போகாத ஊரில் பிரகடனம் வெறும் தாளாகக் கிடந்தது.

டெக்சஸ் அப்படிப்பட்ட மாநிலம். போர்முனைகளிலிருந்து வெகு தொலைவில் மேற்கே இருந்தது. அதன் முதன்மைத் துறைமுகமான கால்வெஸ்டனை ஒன்றியக் கடற்படை 1862 அக்டோபரில் கைப்பற்றியிருந்தது. ஆனால் விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வந்த அதே 1863 ஜனவரி 1 அன்று தென்மாநிலக் கூட்டமைப்பின் படை அதை மீட்டுக்கொண்டது. போர் முடியும்வரை நகரம் அவர்கள் கையிலேயே இருந்தது.

1860ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் டெக்சஸில் 1,82,566 அடிமைகள் இருந்தார்கள். மாநில மக்களில் பத்துப் பேருக்கு மூவர் அடிமைகள். பருத்திப் பண்ணைகளே அவர்களில் பெரும்பாலோரின் வேலைக்களம். போர் நடந்த ஆண்டுகளில் லூசியானா, ஆர்கன்சா, மிசிசிப்பி முதலிய மாநிலங்களின் பண்ணையார்கள், ஒன்றியப் படையின் கைக்கு எட்டாத இடம் என்று கருதித் தங்கள் அடிமைகளை டெக்சஸுக்கு ஓட்டிவந்தார்கள். போர் ஓய்ந்தபோது அங்கே சுமார் 2,50,000 அடிமைகள் இருந்தார்கள் என்பது மதிப்பீடு.

கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீ 1865 ஏப்ரல் 9இல் வர்ஜீனியாவில் சரணடைந்தார். ஒரு வாரத்துக்குள்ளேயே லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்டார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த கூட்டமைப்புப் படையின் சரணாகதி ஜூன் 2இல் கால்வெஸ்டனில் கையெழுத்தானது. அதன் பிறகுதான் மேஜர் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் டெக்சஸின் பொறுப்பை ஏற்றுக் கால்வெஸ்டனில் வந்து இறங்கினார். ஜூன் 19 அன்று அவர் பெயரால் வெளியான ஆணைகளில் மூன்றாவதுதான் பின்னாளில் ஒரு திருநாளின் மூல ஆவணம் ஆயிற்று.

மிகச் சுருக்கமான ஆணை அது. அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்றும், முன்னாள் எசமானருக்கும் முன்னாள் அடிமைக்கும் இடையே ஆள் உரிமையிலும் சொத்துரிமையிலும் முழுச் சமத்துவம் உண்டு என்றும், இனி அவர்களுக்குள் இருப்பது முதலாளி, கூலியாள் என்ற உறவே என்றும் அது கூறியது. அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்ய வேண்டும்; படை முகாம்களில் வந்து கூடக் கூடாது; வேலையின்றி இருப்போருக்கு உதவி கிடைக்காது என்றது. விடுதலை பெற்றவர்கள் எங்கே கூடலாம், எப்போது வேலையை விடலாம் என்ற கேள்விகள் ஆணையின் வாசகத்திலேயே தொடங்கிவிட்டன.

விடுதலைச் செய்தி இரண்டரை ஆண்டுகள் டெக்சஸுக்கு எட்டவே இல்லை என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் பிரகடனத்தைப் பற்றி டெக்சஸ் செய்தித்தாள்கள் எழுதியிருந்தன. அடிமைகளில் பலரும் அதை அறிந்திருந்தார்கள். அதை நடைமுறைப்படுத்தும் படைபலம்தான் அங்கே இல்லை. கிரேஞ்சரின் படை கொண்டுவந்தது அந்தப் பலத்தையே. அப்போதும் ஆணை ஒரே நாளில் மாநிலம் எங்கும் பரவிவிடவில்லை. உட்பகுதிப் பண்ணைகளில், அந்த ஆண்டின் பருத்தி அறுவடை முடியட்டும் என்று முதலாளிகள் விடுதலையை மறைத்தார்கள். வெளியேற முயன்றவர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லவும் பட்டார்கள். முன்னாள் அடிமைகளின் நலனுக்காக ஒன்றிய அரசு அமைத்த விடுதலையோர் அலுவலகம் 1865 செப்டம்பரில்தான் டெக்சஸில் வேலையைத் தொடங்கியது.

சட்டப்படி நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம். அது 1865 டிசம்பர் 6இல் ஏற்புப் பெற்றது. கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமைமுறை அன்றுவரை சட்டப்படியே நீடித்தது.

முதல் கூட்டங்கள்

விடுதலையைக் கொண்டாடும் வழக்கம் டெக்சஸில் மட்டும் தோன்றியதல்ல. வாஷிங்டன் நகரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட ஏப்ரல் 16, ஃப்ளோரிடாவில் பிரகடனம் வாசிக்கப்பட்ட மே 20, கென்டக்கியிலும் டென்னசியிலும் ஆகஸ்ட் 8 என்று ஒவ்வொரு வட்டாரமும் தன் தேதியைப் பிடித்துக்கொண்டது. போருக்கு முன்பே வடமாநிலங்களின் கறுப்பின மக்கள், பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்த ஆகஸ்ட் 1ஆம் நாளைக் கொண்டாடிவந்தார்கள். பிரகடன நாளான ஜனவரி 1க்கு முந்தைய இரவு தேவாலயங்களில் கண்விழித்துத் தொழுவது இன்றும் தொடர்கிறது.

டெக்சஸின் தேதி ஜூன் 19. 1866இல் முதலாண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. கால்வெஸ்டனில் ரீடி சேப்பல் என்ற மெதடிஸ்ட் தேவாலயம் தொடக்கத்திலிருந்தே இத்தகைய கூட்டங்களின் மையமாக இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆஸ்டின், ஹூஸ்டன் நகரங்களிலும் சிற்றூர்களிலும் வழக்கம் பரவியது. பிரகடனத்தையும் கால்வெஸ்டன் ஆணையையும் உரக்க வாசிப்பார்கள். போதகர் மறையுரை ஆற்றுவார். அடிமையாக இருந்த முதியவர்கள் எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். வாக்குரிமை கிடைத்த 1860களின் இறுதி ஆண்டுகளில், வாக்காளராகப் பதிவது எப்படி என்று இந்தக் கூட்டங்களிலேயே விளக்கினார்கள். பிற்பகலில் ஊர்வலம், குதிரைப் பந்தயம், பேஸ்பால், விருந்து. அடிமைக் காலத்தில் முரட்டுத் துணி தவிர வேறு உடுத்த முடியாதிருந்தவர்கள் அன்று இருப்பதிலேயே நல்ல உடையை அணிந்து வருவது கட்டாயம் போலவே ஆயிற்று.

விழா நடத்த ஊர்களில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. பொதுப் பூங்காக்களில் கறுப்பின மக்களை விட மறுத்தார்கள். அதனால் முதல் கூட்டங்கள் ஆற்றங்கரைகளிலும் தேவாலய மனைகளிலும் ஊர்ப்புறத் தோப்புகளிலும் நடந்தன. அடுத்த படியாக மக்கள் பணம் சேர்த்து நிலம் வாங்கத் தொடங்கினார்கள்.

இவற்றுள் புகழ்பெற்றது ஹூஸ்டனின் விடுதலைப் பூங்கா. 1872இல் ஆன்டியாக் பாப்டிஸ்ட் தேவாலயமும் டிரினிட்டி மெதடிஸ்ட் தேவாலயமும் சேர்ந்து 800 டாலர் திரட்டி, நகரின் விளிம்பில் 10 ஏக்கர் நிலத்தைப் பிடித்தன. ஜூன் 19 கூட்டத்துக்கு நிலையான இடம் வேண்டும் என்பதே நோக்கம். முன்னின்றவர்களில் ஒருவர் ஆன்டியாக் தேவாலயப் போதகர் ஜாக் யேட்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். மனைவி மக்களை அவர்களுடைய உரிமையாளர் டெக்சஸுக்குக் கொண்டுசென்றபோது பிரிய மனமின்றி உடன்வந்தவர். மற்றொருவரான ரிச்சர்ட் ஆலன், டெக்சஸ் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின உறுப்பினர்களில் ஒருவர். பூங்கா 1910களில் மாநகராட்சிக்கு அளிக்கப்பட்டது. இனப்பிரிப்புச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில், 1922 முதல் 1940 வரை, ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் நுழைய முடிந்த ஒரே மாநகராட்சிப் பூங்கா அதுதான்.

லைம்ஸ்டோன் மாவட்டத்தில் மெக்சியா ஊருக்கு அருகே, ஆற்றோரத்தில் உள்ள கமான்சி கிராசிங் மற்றோர் இடம். 1890களில் அங்கே ஒரு ஜூன் 19 சங்கம் அமைத்து, பங்குப் பணம் சேர்த்து, நிலம் வாங்கினார்கள். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் பெயரை அந்தப் பூங்காவுக்கு வைத்தார்கள். விழா நாட்களில் சுற்றுவட்டாரத்திலிருந்து பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு வந்து கூடாரமடித்துத் தங்குவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிவழியாக ஒரு மரத்தடி உண்டு.

சொந்தமாக வாங்கிய நிலமும் எப்போதும் கையில் நிற்கவில்லை. ஆஸ்டின் நகரின் கிழக்கே கறுப்பினச் சங்கம் ஒன்று 1900களின் தொடக்கத்தில் வாங்கி விழா நடத்திய விடுதலைப் பூங்காவை, 1930களின் இறுதியில் நகர நிர்வாகம் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. ரோஸ்வுட் கோர்ட்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு அங்கே எழுந்தது.

டெக்சஸின் எல்லைக்கு வெளியிலும் இந்தத் தேதிக்கு ஒரு பழைய வீடு உண்டு. ஃப்ளோரிடாவின் செமினோல் பழங்குடிகளோடு வாழ்ந்த கறுப்பின மக்களின் ஒரு கிளை, அடிமை வேட்டைக்காரர்களிடமிருந்து தப்பி மெக்சிகோவின் கோவாவீலா மாநிலத்தில் குடியேறியது. மஸ்கோகோ என்று அழைக்கப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள், நசிமியெந்தோ என்ற சிற்றூரில் இன்றும் ஜூன் 19ஐக் கறுப்பின மக்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

விருந்தின் நிறம் சிவப்பு

ஜூன்டீன்த் விருந்தின் நடுநாயகம் தீயில் வாட்டிய இறைச்சி. நிலத்தில் நீளக் குழி வெட்டி, கட்டைகளை எரித்துத் தணலாக்கி, மேலே கம்பிகளைப் பரப்பி இரவு முழுவதும் மாட்டிறைச்சியையும் பன்றி விலாவையும் மெல்ல வேகவைப்பது தென்மாநில வழக்கம். அடிமைக் காலத்தில் பண்ணையாரின் விருந்துகளுக்கு இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினச் சமையலாட்களே. விடுதலைக்குப் பின் அதே கைப்பக்குவத்தைத் தங்கள் விருந்துக்குத் திருப்பினார்கள்.

கூடவே சிவப்பு நிறத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும். ஸ்ட்ராபெரி சோடா, சிவப்பு எலுமிச்சைச் சாறு, தர்பூசணி, மிளகாய் சேர்த்த சிவந்த இறைச்சிக் குழல், சிவப்பு வெல்வெட் கேக் என்று பட்டியல் நீளும். 1937இல் டெக்சஸின் வேக்கோ நகரில் உருவான பிக் ரெட் என்ற சோடா, அந்த மாநிலத்தின் ஜூன்டீன்த் மேசைகளில் நிலையான இடம் பிடித்தது.

சிவப்புக்குப் பல விளக்கங்கள் உண்டு. முன்னோர் சிந்திய இரத்தத்தின் நினைவு என்பது பெரியவர்கள் சொல்லும் பொருள். அடிமை வணிகத்தின் கடைசிக் காலத்தில் டெக்சஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் யொரூபா, கொங்கோ மக்கள் இருந்தார்கள் என்றும், அவர்களின் சடங்குகளில் சிவப்புக்கு ஆற்றலையும் மாற்றத்தையும் குறிக்கும் இடம் உண்டு என்றும் உணவு வரலாற்றாசிரியர் மைக்கேல் ட்விட்டி கருதுகிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் புளிச்சக்கீரைச் செடியின் சிவந்த பூவிதழுறைகளைக் கொதிக்கவைத்துச் செய்யும் பானம் இன்றும் விருந்தோம்பலின் அடையாளம். கரீபியத் தீவுகளில் அது கிறிஸ்துமஸ் பானம். கடல் கடந்த அந்தச் சுவைக்குப் பதிலாகச் சந்தையில் மலிவாகக் கிடைத்த சிவப்புச் சோடா வந்து அமர்ந்தது என்பது ஒரு கருத்து.

விருந்தில் இடம்பெறும் காராமணி, வெண்டைக்காய், தர்பூசணி ஆகிய மூன்றுக்குமே தாயகம் ஆப்பிரிக்கா. அமெரிக்கத் தென்மாநிலச் சமையல் என்று உலகம் அறிந்ததில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான்.

தேய்ந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கொண்டாட்டம் கிராமங்களில் தழைத்தது, நகரங்களில் மெலிந்தது. பங்கு விவசாயிகளாக இருந்தவர்கள் வேலையின் போக்கைப் பார்த்து ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ள முடிந்தது. ஆலைத் தொழிலாளருக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் அது எளிதாக இல்லை. ஜூன் 19 விடுமுறை நாளல்ல, ஜூலை 4 விடுமுறை நாள். பள்ளிப் பாடங்களில் விடுதலை என்றால் லிங்கனின் 1863 பிரகடனம். கால்வெஸ்டனுக்கு அங்கே இடமில்லை. அடிமைக் காலத்தை நினைவூட்டும் நாளைக் கொண்டாடுவது வெட்கம் என்று எண்ணிய இளைய தலைமுறையும் இருந்தது.

இதே காலத்தில் கறுப்பின வரலாற்றுக்கு வேறொரு வாசல் திறந்தது. வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. உட்சன் 1926 பிப்ரவரியில் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். லிங்கனும் முன்னாள் அடிமையும் விடுதலைப் போராளியுமான ஃப்ரெடரிக் டக்ளசும் பிறந்தநாள் கொண்டாடப்படும் வாரம் அது. கறுப்பின ஆசிரியர்கள் தங்கள் பள்ளிகளில் அதை ஊன்றி வளர்த்தார்கள். 1976இல் அது கறுப்பின வரலாற்று மாதமாக விரிந்தது. பிப்ரவரி வகுப்பறையில் வளர்ந்தது. ஜூன் 19 பூங்காவிலும் அடுப்படியிலும் வளர்ந்தது.

1936இல் டெக்சஸ் தன் நூற்றாண்டைக் கொண்டாட டல்லஸில் நடத்திய கண்காட்சியில் நீக்ரோ வாழ்வியல் கூடம் என்ற தனிக் கட்டடம் இருந்தது. அது திறக்கப்பட்ட நாள் ஜூன் 19. ஹார்லெம் மறுமலர்ச்சி என்ற கறுப்பினக் கலை இயக்கத்தின் ஓவியர் ஆரன் டக்ளஸ் அதற்குச் சுவரோவியங்கள் வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் கூடத்தை இடித்துவிட்டார்கள்.

இடம்பெயர்ந்தவர்களின் விழா

முதல் உலகப்போர்க் காலம் முதல் 1970 வரை அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் சென்றார்கள். டெக்சஸ், லூசியானா மக்கள் பெருவாரியாகப் போனது கலிஃபோர்னியாவுக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ், ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோ துறைமுகங்களிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் தங்கள் ஊர்த் திருநாளையும் கொண்டுசென்றார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் பகுதியில் அது தெருவிழாவாக வளர்ந்தது. டெக்சஸிலேயே நகரங்களில் தளர்ந்திருந்த வழக்கம், தொலைவில் ஊர்ப்பாசத்தோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டது.

அதை டெக்சஸ் மக்களின் விழா என்ற நிலையிலிருந்து நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தது 1968ஆம் ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங் திட்டமிட்டிருந்த ஏழை மக்கள் இயக்கத்தை, அவர் ஏப்ரல் 4இல் கொல்லப்பட்ட பின் அவருடைய சகபோராளி ரால்ஃப் அபர்னாதி நடத்தினார். வாஷிங்டனில் மரப்பலகைக் குடிசைகள் போட்டு மக்கள் தங்கினார்கள். அதன் பெரும் பேரணி ஜூன் 19 அன்று நடந்தது. சுமார் 50,000 பேர் கலந்துகொண்டார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அந்தத் தேதியைத் தங்கள் ஊர்களுக்கு எடுத்துச்சென்றார்கள் என்று விடுதலை விழாக்களை ஆராய்ந்த வில்லியம் விகின்ஸ் எழுதினார். மில்வாக்கி நகரின் விழா 1971இல் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ விழா 1976இல்.

சட்டத்தில் ஏறிய நாள்

டெக்சஸ் சட்டமன்றத்தில் ஹூஸ்டன் உறுப்பினர் ஆல் எட்வர்ட்ஸ் 1979இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். விடுதலை நாளை மாநில விடுமுறையாக அறிவிக்கும் அந்தச் சட்டம் 1980 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. இப்படிச் செய்த முதல் மாநிலம் டெக்சஸ். கால்வெஸ்டனிலிருந்து கணக்கிட்டால் 115ஆம் ஆண்டு. பிற மாநிலங்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தன. அவற்றில் பல அந்த நாளுக்கு ஓர் அங்கீகாரத் தீர்மானம் மட்டும் தந்தன. சம்பளத்தோடு விடுப்பு தரவில்லை.

டெக்சஸ் சட்டம் வந்த மறு ஆண்டே மெக்சியாவில் துயரம் நேர்ந்தது. 1981 ஜூன் 19 இரவில், விழாவுக்கு வந்திருந்த மூன்று கறுப்பின இளைஞர்களைக் கைதுசெய்து காவலர்கள் படகில் பூங்காவை ஒட்டிய ஏரியைக் கடந்தபோது படகு கவிழ்ந்தது. இளைஞர்கள் மூவரும் மூழ்கி இறந்தார்கள். வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் கூடிய புக்கர் டி. வாஷிங்டன் பூங்காவுக்குப் பழைய கூட்டம் திரும்பவில்லை.

1997இல் பென் ஹெய்த் என்பவர் ஜூன்டீன்துக்கு ஒரு கொடி வடிவமைத்தார். மேலே நீலம், கீழே சிவப்பு, இரண்டுக்கும் நடுவே அடிவானம் போல ஒரு வளைவு. மையத்தில் வெள்ளை விண்மீன், அதைச் சுற்றி வெடித்துச் சிதறும் ஒளிவட்டம். விண்மீன் டெக்சஸையும் எல்லா மாநிலங்களின் கறுப்பின மக்களையும் குறிக்கிறது. அமெரிக்கக் கொடியின் நிறங்களையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அடிமைகளாக இருந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் அமெரிக்கரே என்று சொல்வதுதான்.

இலக்கியத்திலும் திரையிலும் இந்த நாள் இடம்பெற்றது. ரால்ஃப் எலிசன் பல பத்தாண்டுகள் எழுதி முடிக்காமல் விட்ட புதினத்தின் ஒரு பகுதி, அவர் மறைவுக்குப் பின் 1999இல் ஜூன்டீன்த் என்ற பெயரில் வெளியானது. டெக்சஸ் ஊர்களில் இளம்பெண்களுக்கு நடத்தும் ஜூன்டீன்த் அழகிப் போட்டியை மையமாகக் கொண்டு சானிங் காட்ஃப்ரி பீப்பிள்ஸ் இயக்கிய மிஸ் ஜூன்டீன்த் திரைப்படம் 2020இல் வந்தது. டெக்சஸில் பிறந்து வளர்ந்த வரலாற்றாசிரியர் அனெட் கோர்டன்-ரீட், குடும்ப நினைவையும் மாநில வரலாற்றையும் பின்னி 2021இல் ஒரு நூல் எழுதினார்.

நாடு முழுமைக்குமான விடுமுறை என்ற கோரிக்கையின் முகமாக அறியப்பட்டவர் ஓப்பல் லீ. ஆசிரியராகப் பணியாற்றிய அவர் 1926இல் டெக்சஸின் மார்ஷலில் பிறந்தார். 1939இல் அவருடைய பெற்றோர் ஃபோர்ட் வொர்த் நகரில் வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். சில நாட்களிலேயே ஒரு கும்பல் அந்த வீட்டைத் தாக்கிச் சூறையாடியது. அன்று ஜூன் 19. ஓப்பல் லீக்கு வயது 12. 2016இல், தம் 89ஆம் வயதில், ஃபோர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டனை நோக்கிப் பல ஊர்களில் அவர் நடைப்பயணம் நடத்தினார். ஒவ்வொரு நடையும் இரண்டரை மைல். பிரகடனத்துக்கும் கால்வெஸ்டன் ஆணைக்கும் இடையே கழிந்த இரண்டரை ஆண்டுகளின் கணக்கு அது.

2020 மே 25இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டது நாட்டை உலுக்கியது. ஃபிளாய்ட் வளர்ந்தது ஹூஸ்டனின் மூன்றாம் வார்டில், ஜாக் யேட்ஸின் விடுதலைப் பூங்கா இருக்கும் அதே பகுதியில். ஜாக் யேட்ஸ் பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளியில்தான் அவர் படித்தார். சில வாரங்களில் வந்த ஜூன் 19 அன்று நகரம்தோறும் ஊர்வலங்கள் நடந்தன. பல பெருநிறுவனங்கள் முதல் முறையாக அந்த நாளை விடுமுறை என்று அறிவித்தன.

அடுத்த ஆண்டு ஜூன் 15இல், அந்த நாளை நாட்டின் விடுமுறையாக்கும் மசோதாவைச் செனட் எதிர்ப்பின்றி ஏற்றது. மறுநாள் பிரதிநிதிகள் சபை 415க்கு 14 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. ஜூன் 17இல் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு 1983இல் சட்டம் வந்த பிறகு உருவான முதல் ஒன்றிய விடுமுறை இது. 94 வயதில் ஓப்பல் லீ அந்தக் கையெழுத்துக்குச் சாட்சியாக நின்றார்.

இன்றைய வழக்கம்

ஒன்றிய விடுமுறை என்பது ஒன்றிய அரசு ஊழியர்களுக்கே உறுதி. வங்கிகளும் அஞ்சலகங்களும் மூடப்படும். மாநில ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தருவதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் இப்போது தருகின்றன. தனியார் துறையில் அது முதலாளியின் விருப்பம். கடைகளிலும் உணவகங்களிலும் மணிக்கூலிக்கு வேலை செய்வோருக்கு ஜூன் 19 பெரும்பாலும் வேலைநாளே.

விடுமுறையோடு வணிகமும் வந்தது. 2022இல் ஒரு பெரிய கடைத்தொடர் ஜூன்டீன்த் பெயரில் ஐஸ்கிரீம் விற்கத் தொடங்கி, எதிர்ப்பு எழுந்ததும் விற்பனையை நிறுத்தி மன்னிப்புக் கேட்டது. அடிமைமுறையின் முடிவை ஒற்றைத் தேதியில் அடக்குவது சரியா என்ற விவாதமும் உண்டு. கென்டக்கிக்கும் டெலவேருக்கும் டிசம்பர் 6தான் விடுதலை நாள் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஏப்ரல் 16ஐ வாஷிங்டன் நகரமும், மே 20ஐ ஃப்ளோரிடாவின் டல்லஹாசியும் விட்டுக்கொடுக்காமல் கொண்டாடுகின்றன.

வீடுகளிலும் பூங்காக்களிலும் நடைமுறை பெரிதாக மாறிவிடவில்லை. காலையில் தேவாலய வழிபாடு அல்லது ஆணை வாசிப்பு. ஜான்சன் சகோதரர்கள் 1900இல் இயற்றிய, கறுப்பின மக்களின் தேசியகீதம் என்றே கருதப்படும் பாடலைக் கூட்டமாகப் பாடுவார்கள். கறுப்பினக் குதிரைவீரர்களின் ரோடியோ, குடும்ப மரபுவழியைத் தேடும் பட்டறை, கறுப்பினத்தார் நடத்தும் கடைகளின் சந்தை, வாக்காளர் பதிவு மேசை ஆகியவை ஊருக்கு ஏற்பச் சேரும். 1860களின் கூட்டங்களில் தொடங்கிய வாக்காளர் கல்வி இன்னும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

இடங்களும் புதிய உருப் பெற்றுள்ளன. ஹூஸ்டனின் விடுதலைப் பூங்கா 3 கோடி டாலருக்கு மேல் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது. கூட்டமைப்புப் படைத்தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிப் பூங்காவை ஒட்டி ஓடிய டவுலிங் தெரு, அதே ஆண்டில் விடுதலைச் சாலை என்று பெயர் மாறியது. கால்வெஸ்டனில் கிரேஞ்சரின் தலைமையகம் இயங்கிய ஆஸ்டர்மன் கட்டடம் இன்று இல்லை. அது நின்ற இடத்தை ஒட்டிய சுவரில் ஓவியர் ரெஜினால்ட் ஆடம்ஸ் குழுவினர் 2021இல் 5,000 சதுர அடிப் பரப்பில் ஓவியம் தீட்டினார்கள். அதன் தலைப்பு, மூன்றாம் பொது ஆணையில் உள்ள முழுச் சமத்துவம் என்ற சொற்றொடர். ஆணையின் கையெழுத்துப் பிரதி வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.